ராங் சைடு

மதுரை கோச்சடையில் எங்கள் ஆபீஸில், ரோட்டுப் போக்குவரத்தைக் கம்ப்யூட்டரில் நிஜம்போல ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. அதைப் படமாகக் காட்டுகிற அளவுக்குத் தெம்பான லேப்டாப் ஒன்றே ஒன்றுதான். அதை அவனுக்குக் கொடுத்தார்கள். வாடிப்பட்டிக்காரன், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் திரையில் பரவை மார்க்கெட் முக்கு அப்படியே ஓடும்: பஸ், ஆட்டோ, காய்கறி வேன். எனக்குக் கருப்புத் திரையும் எண்களும். அதே சிமுலேஷன் எங்கோ இருக்கிற சர்வரில் ஓடும். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நான் எண்ணைப் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் டீம் லீடர் மேடம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ரசிப்பார். எனக்குக் காதில் புகை வரும். வராதா பின்னே? சென்னை ஹெட் ஆபீஸுக்குப் போய் இதைக் காட்ட ஒரே ஓர் ஆள்தான்; போகிறவனுக்கு அங்கேயே வேலை. அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்று வெறியாக இருந்தேன்.

ஒருநாள் என் கணக்கில் பஸ்ஸில் ஏறியவர்கள் பூஜ்யம் என்று வந்தது. ஒருவர்கூடவா ஏறவில்லை? ஒரே ஒரு பஸ்ஸைப் பிடித்து, அது போகிற இடத்தையெல்லாம் எண்களாக வரவழைத்து, தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். ஸ்டாப் இடப்பக்கம், பஸ் வலப்பக்கம். வெளிநாட்டு சாஃப்ட்வேர்; நம்மூரில் வண்டி இடப்பக்கம் போகும் என்று நாங்கள் அதற்குச் சொல்லவே இல்லை. இருவருக்கும் ஒரே செட்டிங். அப்படியென்றால் அவன் படமும் தப்பு! வயிறு குளிர்ந்துவிட்டது.

"மேடம், இவன் படத்துல எல்லா வண்டியும் ராங் சைடுல போகுது!"

எல்லோரும் வந்து பார்த்தார்கள். மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பரவை முக்குல இத யாரு கண்டா! பஸ்ஸு என்னைக்கு ஸ்டாப்புல நின்னுச்சு?"

அவன் ஒரு வரியை மாற்றினான். பஸ் நின்றது, ஆட்கள் ஏறினார்கள். படம் முன்னைவிட அழகாகிவிட்டது.

"படமே இல்லாம இம்புட்டு கரெக்டா புடிச்சிட்டீங்களே," என்றார் மேடம். "உங்கள இங்கருந்து விடவே முடியாதுப்பா. படத்தக் காட்ட அவரு போகட்டும்."

கிளம்புகிற அன்று என் தோளில் கை போட்டான். "வாரேன் மாப்ள. நீ மட்டும் இல்லேன்னா மானம் போயிருக்கும்."

"அந்த லேப்டாப்பையாவது வச்சிட்டுப் போடா," என்றேன்.

"படம் காட்டணும்ல மாப்ள," என்று அதைப் பைக்குள் வைத்தான்.