பேச்சு நின்றால் மேலே வா

பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் இருபத்திரண்டு வருடமாக எலக்ட்ரீஷியனாக இருக்கிறார் சிலுவைராஜ். பறித்து வந்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்றை விட்டு வாட்டுவார்கள். விசிறி நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். அதனால் அவர் அறிந்த வேதம் ஒன்றுதான்: நிறுத்தச் சொல்லும்வரை நிற்காதே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மற்றவர்கள் சீட்டாடப் போவார்கள். இவர் பி.வி.சி. குழாயில் ரிமோட்டில் ஓடும் சின்ன நீர்மூழ்கிக் கப்பல் செய்வார். பதினான்கு மாதம் செய்தார். மலை உச்சியில் உட்கார்ந்து நீர்மூழ்கி செய்கிற மனிதரை எஸ்டேட் லயத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் வேறு எழுத வேண்டுமா?

ரிமோட்டில் நான்கே சேனல். மோட்டாருக்கு ஒன்று, சுக்கானுக்கு ஒன்று, மூக்கை ஏற்றி இறக்க ஒன்று என்று போக, மிஞ்சியது ஒரு சுவிட்ச். விளக்கு எரியவேண்டும், முங்குவதற்குத் தண்ணீரை உள்ளே இழுக்கவேண்டும், எழும்புவதற்கு அதை வெளியே தள்ளவும் வேண்டும். தீப்பெட்டி அளவு மைக்ரோகன்ட்ரோலர் என்கிற குட்டிக் கணினி ஒன்றைக் கப்பலுக்குள் வைத்து, சுவிட்சை எத்தனை தடவை தட்டுகிறோம் என்று எண்ணப் பழக்கினார். ஒரு தட்டுக்கு விளக்கு, இரண்டுக்கு முங்கு, மூன்றுக்கு எழும்பு. ஒரு சேனல் மூன்றாகிவிட்டது. கைப்பழக்கத்தில் புரோகிராமின் கடைசியில் தன் வேதத்தையும் எழுதிவைத்தார்: கட்டளை வராவிட்டால், கடைசியாகச் சொன்னதையே செய்.

வீட்டு டிரம்மில் எல்லாம் கச்சிதம். எஸ்டேட் தடுப்பணையில் விளக்கைப் போட்டு முங்கவிட்டார். ரேடியோ அலை தண்ணீருக்குள் அதிக ஆழம் போகாது. டிரம்மின் ஆழத்தைத் தாண்டியதும் மூன்று தட்டு தட்டினார், கப்பலுக்குக் கேட்கவில்லை. சொன்ன சொல் தட்டாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டே போய்ச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. சிலுவைராஜும் கரையில் உட்கார்ந்துவிட்டார். பதினான்கு மாதத்து ஞாயிறுகளும் சேற்றுக்குள் போச்சு.

பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்திருந்த மனைவி புஷ்பமேரி என்ன ஆயிற்றென்று கேட்டாள். ரிமோட் பேச்சு எட்டவில்லை, அதனால் பழைய பேச்சையே கேட்டுக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார்.

"நான் ரெண்டு நாளு பேசலைன்னா நீங்க என்ன செய்வீக? போன போக்குலயே போவீகளா, வீட்டுக்கு வருவீகளா?"

அவர் பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினார். காப்பியைக் குடித்தார்.

பொழுது சாய்ந்து தண்ணீர் கறுத்தபோது, அடியில் மங்கலாக மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. விளக்கும் கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டிருந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவி, கப்பலைத் தூக்கிவந்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷம் சம்பள உயர்வுக்குக்கூட இருந்ததில்லை.

அடுத்த ஞாயிறு புரோகிராமின் கடைசி வரியை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்: மூன்று நொடி பேச்சு கேட்காவிட்டால் தண்ணீரைத் தள்ளிவிட்டு மேலே வா. விளக்குக்கு மட்டும் பழைய வேதம்தான். கப்பல் முங்கியது, கண்ணுக்கு மறைந்தது. ரிமோட்டைப் புஷ்பமேரியின் மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று எண்ணி முடித்தும் ஒன்றும் காணோம். பத்து எண்ணுவதற்குள் வேர்த்துவிட்டது. பிறகு அணை நடுவே விளக்கெரிய ஒரு முதுகு தெரிந்தது.

"வந்துட்டாரு," என்றாள் புஷ்பமேரி.