டீக்கடைக்குப் பூட்டு, சாராயக் கடைக்கு அனுமதி

சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளில் மாறி மாறி வேலை பார்த்தவன் நான். இது எந்தக் கொம்யூனில் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்வார்கள் பாவம். எழுபதுகளில் ஒரு கரும்பு வெட்டுக் காலம். அது போதும்.

1. மீட்டிங்

ஏரிக்கரைத் தெருவில் வாந்திபேதி ஆரம்பித்தது. காலரா என்று ரிப்போர்ட் எழுதிக் கொண்டுபோனேன். கொம்யூன் ஆபீசர் அதை அடித்துவிட்டு, 'கடுமையான வயிற்றுப்போக்கு' என்று மாற்றினார்.

"காலரான்னு எழுதினா மேலேருந்து ஜீப்பு வரும்யா."

ஜீப்பு வரட்டும் என்றுதானே எழுதினேன்? சொன்னேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

நோய் அடுத்த தெருவுக்குத் தாவியதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. ஊரை மூடவேண்டும், அத்தியாவசியமானது மட்டும் நடக்கலாம் என்றார். எது அத்தியாவசியம் என்று முடிவு செய்ய மீட்டிங் போட்டார். யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? யாருக்கு எது மூடினால் நஷ்டமோ அவர்களை.

முதலில் எழுந்தவர் சாராயக் கடையை ஏலம் எடுத்தவர். "சாராயத்துல எந்தக் கிருமி சார் உயிரோட இருக்கும்? அது ஒரு மருந்து மாதிரி."

"குடிச்சிட்டு வாய் கொப்புளிக்க ஒரு தொட்டி வெச்சிருக்கியே, அந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இருய்யா, அது கவர்மெண்ட் வருமானம்" என்றார் ஆபீசர். சாராயக் கடை அத்தியாவசியம் ஆயிற்று.

டூரிங் டாக்கீஸ்காரர், இடைவேளையில் சுகாதார சிலைடு போடுவதாகவும், டாக்கீஸை மூடினால் ஜனங்களுக்குப் புத்தி சொல்ல ஆளே இருக்காது என்றும் சொன்னார். வந்திருந்த முதலாளிகளில் அவர் மட்டும்தான் அன்றைக்குத் தோற்றுப் போனவர்.

கரும்புக்காரர் வைத்திலிங்கம் வாயே திறக்கவில்லை. ஆபீசரே அவருக்காகப் பேசினார். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது, வெட்டியாக வேண்டும், கரும்பு வண்டி போகலாம், தடையில்லை. மில் ஓடலாம், பால் வரலாம். சந்தை கூடாது, ஊரில் பஸ் நிற்கக் கூடாது, டீக்கடை கூடாது.

நான் எழுந்தேன். "சார், டீக்கடைய மூடாதீங்க. இந்த ஊர்ல காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் தண்ணி கொதிக்கிற ஒரே எடம் காசிம் பாய் கடைதான். வூட்டுல எவனும் குடிக்கிற தண்ணிக்கு வெறகு வெக்க மாட்டான். வெட்டு ஆளுங்க தூக்குல சுடுதண்ணி புடிச்சிகினு போறதும் அங்கதான்."

"கூட்டம் கூடற எடம்யா அது. மொத கேஸு விழுந்ததே அவன் கடை பெஞ்சுலதான?"

விழுந்தது உண்மை. பஸ்ஸுக்குக் கொண்டு போகிற வழியில் நோயாளியை அங்கே இறக்கி வைத்தார்கள். பெஞ்சுமேல் பழி வந்தது.

"அந்த ஆளுங்களுக்குத் தண்ணி நான் பாத்துக்கறேன் இன்ஸ்பெக்டரே" என்றார் வைத்திலிங்கம். எல்லாரும் தலையாட்டினார்கள். இவ்வளவும் பேசும்போது அவர்கள் கையில் இருந்தது காசிம் பாய் கடை டீ. கிளாஸைக் காலி செய்து கீழே வைத்துவிட்டுத்தான் அந்தக் கடையை மூடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள்.

2. கொல்லை

பூட்டுப் போடுகிறவன் நான்தானே. போட்டேன். காசிம் பாய் அடுப்பை அணைத்து, பாய்லரைக் கவிழ்த்து, உள்ளே கிடந்த ஓட்டைக் காலணாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டீக்கடை பாய்லருக்குள் ஒரு காசு கிடக்கும். தண்ணீர் கொதித்தால் அது அடியில் கிடந்து கடகடவென்று ஆடும். மூடியைத் திறக்காமலே கொதி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள்.

எதிரே சாராயக் கடையில் கூட்டம் கூடியிருந்தது. அது அரசாங்கக் கூட்டம் போலிருக்கிறது.

இரண்டொரு நாள் கழித்து வைத்திலிங்கத்தின் கரும்புக் கொல்லையில் ஒருவன் விழுந்துவிட்டான் என்று தகவல் வந்தது. சைக்கிளில் போனேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த வெட்டுக் கூட்டம், கொல்லை ஓரத்தில் காய்ந்த கரும்புச் சோகையால் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று வேலை வாங்குகிறவள் அஞ்சலை. விழுந்தவன் அவள் புருஷன் கோவிந்தன். கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் சுருங்கிக் கிடந்தான்.

"எந்தத் தண்ணிம்மா குடிச்சீங்க?"

"வாய்க்கா தண்ணி. வேற எதைக் குடிக்கறது? பாய் கடையத்தான் பூட்டிட்டியே."

"ஊர்க் கெணறு?"

"கிட்டப் போனாக் கல்லால அடிக்கறானுங்க. நாங்கதான் நோயக் கொண்ணாந்தோமாம்."

"மொதலாளி தண்ணி குடுக்கறேன்னாரே?"

அஞ்சலை சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அவரு பொண்ணு வூட்டுக்குப் போயிட்டாரு. புதுச்சேரிக்கு. இங்க நோயாம்."

வெட்டுக்கு முன்னால் கரும்புக்குத் தண்ணீர் கட்டுவதை நிறுத்திவிடுவார்கள். அதனால் போர்வெல் மோட்டார் கொட்டகை பூட்டிக் கிடந்தது. கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தேன். உள்ளே போனால், திருட்டுக்குப் பயந்து பியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன். தண்ணீரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் பார்த்துக்கொண்ட லட்சணம் அது.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று கிளம்பியது. கைகாட்டி நிறுத்தினேன்.

"கரும்பு ஏத்தத்தான் பர்மிட்டு சார். ஆள ஏத்தினா வண்டியப் புடிச்சிப்பாங்க" என்றான் டிரைவர்.

"யாருடா புடிக்கறவன்? புடிக்கறவனே நான்தாண்டா. ஏத்துடா."

கோவிந்தனைக் கரும்புக் கட்டுகளின்மேல் படுக்க வைத்து அனுப்பினோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. ஊரில் பஸ் நின்றிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான். பஸ் அத்தியாவசியம் இல்லை என்று முடிவாகியிருந்ததே.

மிச்சமுள்ள கூட்டம் அதே வாய்க்கால் ஓரத்தில்தான் கிடந்தது. வெயிலில் வெட்டுகிறவன் தண்ணீர் குடிக்காமல் இருக்க மாட்டான். சொந்த ஊருக்குப் போகச் சொல்லலாம் என்றால் பஸ் இல்லை. மருந்து கலந்து கொடுக்கலாம் என்றால், இண்டென்ட் போட்ட பிளீச்சிங் பவுடர் வரவில்லை. ஸ்டோரில் கிடந்தது காரம் போன பழைய சரக்கு, சுவருக்கு அடிக்கத்தான் ஆகும். அடுத்து யார் விழப்போகிறார்கள் என்பதுதான் பாக்கி.

3. ஆபீசுக்கு டீ

கொம்யூன் ஆபீசுக்குப் போனேன். கோவிந்தன் செத்ததைச் சொன்னேன். டீக்கடையைத் திறக்க வேண்டும் என்றேன்.

"தீர்மானத்த மாத்தணும்னா மறுபடி மீட்டிங் கூட்டணும்யா. வைத்திலிங்கம் ஊர்ல இல்ல" என்றார் ஆபீசர். நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஒரே தலைவலி. டீ இல்லாம ஒரு பைலும் ஓடல. ஏய், டீ சொல்லுப்பா."

பியூன் வாசலிலேயே நின்றான். "கடைய நாமதான சார் பூட்டினோம்?"

கிளார்க்குகள் பைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். ஆபீசருக்கு மானம் போயிற்று. என்னைப் பார்த்தார். "இன்னாய்யா பாக்கறே? பாயைக் கூப்பிட்டுப் பின்பக்கமாத் தொறந்து போடச் சொல்லு. கொம்யூன் வேலைக்கு டீ அத்தியாவசியம்."

"கொம்யூன் வேலைக்குத்தானே சார்?"

"ஆமாய்யா."

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்று கிளார்க்குகளிடம் சொல்லிவிட்டுச் சாவியோடு கிளம்பினேன்.

காசிம் பாய் வரமாட்டேன் என்றார். "நோய்க் கடைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. இப்ப ஆபீசரு குடிக்கணும்னா மட்டும் நல்ல கடையா? நான் இன்னா அவரு வூட்டு சமையக்காரனா சார்?"

"ஆபீசருக்கு இல்ல பாய். கொல்லைக்கு. கோவிந்தன் செத்துட்டான்."

"அஞ்சலை வூட்டுக்காரனா?" என்றார். பிறகு, "கரி வேணும். ஒரு பாய்லர் பத்தாது, கல்யாண அண்டா ரெண்டு எடுத்துக் குடுங்க" என்று எழுந்து, சட்டைப் பையிலிருந்து காலணாவை எடுத்துப் பாய்லருக்குள் போட்டார்.

கொதித்த தண்ணீரைப் பால் கேன்களில் ஊற்றி மூடினோம். கொண்டுபோக வண்டி? கரும்பு வண்டிக்குத்தான் பர்மிட். சரி, கரும்பு ஏற்றக் காலியாகப் போகிற வண்டியிலேயே ஏற்றினேன். வழியில் ஒருவனும் மறிக்கவில்லை. கொல்லைக்குப் போனது போக, ஏரிக்கரைத் தெருவிலிருந்தும் குடத்தோடு வந்தார்கள். ஊற்றினோம். ஆபீசருக்கும் ஒரு டீ போயிற்று.

சாராயக் கடைக்காரர் போய் வத்தி வைத்துவிட்டார். ஆபீசர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாய்யா, ஆபீசுக்குன்னு சொன்னா ஊருக்கே ஊத்தறியாமே?"

"ஜனங்களுக்குத் தண்ணி குடுக்கறது கொம்யூன் வேலை இல்லன்னு சொல்லுங்க சார். இப்பவே நிறுத்தறேன். ஆனா வெளிய வந்து, அங்க நிக்கற பொம்பளைங்க எதிர்ல சொல்லுங்க."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். காசிம் பாய் கடையிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் குடங்கள் நின்றன. நாற்காலியில் உட்கார்ந்து, "டீ இன்னும் வரலியா?" என்றார்.

வெட்டுக் கூட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் விழவில்லை. தெருவில் அடங்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. ரிப்போர்ட் மேலே போனபோது, கொம்யூன் நிர்வாகம் முன்யோசனையோடு கொதிநீர் வழங்கியதாக எழுதியிருந்தார்கள். எனக்கு மோட்டார் கொட்டகைப் பூட்டை உடைத்ததற்கு மெமோ வந்தது.

4. புதுப் பிள்ளைகளுக்கு

உங்கள் சர்வீஸிலும் இப்படி ஒரு நாள் வரும். எதைத் திறப்பது, எதை மூடுவது என்று மேசை போட்டு உட்காருவார்கள். மூடினால் யாருக்கு நஷ்டம் என்றுதான் பேச்சு ஓடும். நீங்கள் அதைக் கேட்காதீர்கள். அந்தக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலையில் ஜனங்கள் எங்கே போவார்கள், எதைக் குடிப்பார்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பூட்டைக் கையில் வாங்காதீர்கள். சொன்னால் கேட்க மாட்டார்கள்தான். கத்துங்கள். எனக்குக் கோபக்காரன் என்று பெயர் வந்தது, பிரமோஷன் தள்ளிப் போயிற்று. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அடுத்த வருஷம் வெட்டுக்கு அதே கூட்டம் வந்தது. அஞ்சலைதான் முன்னால் நின்றாள். கொல்லைக்குப் போகிற வழியில் காசிம் பாய் கடையில் நின்று தூக்கை நீட்டினாள். நான் அதே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாய் குழாயைத் திருப்பப் போனார்.

"இரு பாய்" என்றாள். பாய்லருக்குப் பக்கத்தில் வந்து காது கொடுத்தாள். கடைக்குள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

காசு ஆடியது.

"இப்ப ஊத்து."