தனபாக்கியம் அக்காவின் மூன்று போர்ஷன்கள்

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருந்தேன். எனக்கு இருப்பது மாடியில் ஒரே ஒரு வாடகை வீடு. அதற்கும் இப்போது ஒப்பந்தத்தை ஆன்லைனில் பதிய வேண்டுமாம். அங்கிருந்த பெண், "எத்தினி ஸ்கொயர் ஃபீட் சார்?" என்று கேட்டாள். தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, மனைவியின் தையல் மெஷின் டிராயரிலிருந்து அளவுநாடாவை எடுத்துக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்தேன். "இன்னா, வூட்டுக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?" என்று அவள் கேட்டது இருக்கட்டும். அந்தத் துணிநாடாவின் பழைய வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு நாடாவைப் பார்த்து நடுங்கிய காலம் ஒன்று உண்டு.

அப்போது நான் இதே ஊரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்தவன். குடியிருந்தது தனபாக்கியம் என்கிற அம்மாளின் வீட்டில். புருஷன் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வடநாட்டு ரோட்டில்தான் இருப்பார். நகைகளை ஒவ்வொன்றாக அடகு வைத்து அந்த அம்மாள் கட்டியவை மூன்று போர்ஷன்கள், கொல்லையில் ஒரு மாட்டுக்கொட்டகை. முதலாவதில் அவர்கள் இருந்தார்கள். அடுத்ததில் நான். கடைசியில் ஏழுமலை வாத்தியார். அவருக்குக் கரியாலூரில் பள்ளிக்கூடம். திங்கட்கிழமை மலை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார்.

தனபாக்கியத்துக்குச் சட்டம் என்றாலே பயம். யாரோ சொல்லியிருந்தார்கள்: "மூணு வருசம் ஒரே வூட்ல ஒருத்தன் இருந்துட்டா அது அவனுக்கே சொந்தமாம்பா." அப்படி ஒரு சட்டமே இல்லையென்று சொல்லிப் பார்த்தேன். "நீ குடித்தனக்காரன், அப்பிடித்தான் சொல்லுவ" என்று முடித்துவிட்டார். அதனால் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை நானும் வாத்தியாரும் போர்ஷன் மாற்றிக்கொள்ள வேண்டும். என் டிரங்குப் பெட்டி அங்கே போகும், அவருடைய ஸ்டவ் இங்கே வரும். நடுவில் தனபாக்கியம் நின்றுகொண்டு, "சொவுத்துல இடிக்காத, சொவுத்துல இடிக்காத" என்று கத்துவார். மொத்தம் பத்தடி தூரம். அவரைப் பொறுத்தவரை இரண்டு பேர் காலி செய்து இரண்டு பேர் புதிதாகக் குடி வந்தாயிற்று.

அந்த வருஷம் வீட்டு வரியைப் புதிதாக மதிப்பிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வாடகைக்கு விட்டிருந்தால் வரி ஜாஸ்தி, வீட்டுக்காரரோ அவருடைய உறவுக்காரர்களோ இருந்தால் கம்மி என்று தெருவெல்லாம் சொன்னார்கள். தனபாக்கியம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக் கடனே இன்னும் முடியவில்லை. வரியும் ஏறினால் ஒரு போர்ஷனை விற்கத்தான் வேண்டும். குழாயடியில் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"வாடக ஏத்தணும்னாலும் கோர்ட்டு, காலி பண்ணணும்னாலும் கோர்ட்டு. வரி மட்டும் நேரா வூட்டுக்கே வருது, பாத்தியா? நீ என் தம்பின்னு சொல்லிடு. ஏழுமல என் அக்கா பையன்."

நான் அரசு ஊழியன். பொய் சொல்லலாமா? மறுநாளே 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் வைக்கும் கருவாட்டுக் குழம்பு அப்படி.

விழுப்புரத்திலிருந்து வரி மதிப்பிடும் அதிகாரி வந்தார். எங்களுக்கு அவர் 'வரி சார்'. ஒல்லியான மனிதர். தோல் உறைக்குள் சுருட்டிய துணிநாடா. அளந்துகொண்டிருக்கும்போதே தெருவில் சத்தம். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், பஸ் இல்லை என்றார்கள். சில ஊர்களில் உயிரே போயிருக்கிறது என்று சாயங்காலம் தெரிந்தபோது தெருவில் கதவுகளையெல்லாம் சாத்திக்கொண்டார்கள். லாட்ஜில் இடமில்லாமல் வரி சார் கைப்பையோடு திரும்பி வந்து வாசலில் நின்றார்.

தனபாக்கியம் ஒரு நிமிஷம்தான் யோசித்தார். "அவ்ளோ தூரம் எப்பிடி சார் நடந்து போவீங்க? ஏழுமல ரூம்ல படுத்துக்குங்க. அவன் மலையில மாட்டிக்கினான்."

அடுத்த நான்கு நாட்கள் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! வரி சாருக்குப் பொழுது போகவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்ப்பார். "தம்பி, உங்க அப்பா பேரு?" சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து தனபாக்கியத்திடம், "உங்க அப்பா பேரும்மா?" அவர் வேறு பேர் சொன்னார். சொல்லிவிட்டு என்னை முறைத்து, "பெரியப்பா பையன் சார்" என்றார். சாப்பிடும்போது மறுசோறு கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. கேட்கும் தோரணையில் தெரிந்துவிடுமோ என்று.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஏழுமலை வாத்தியார் வந்து சேர்ந்தார். மலையிலிருந்து கச்சிராயபாளையம் வரை நடந்து, அங்கிருந்து யாருடைய சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கையில் தேன் பாட்டில், காலெல்லாம் கொப்புளம். கதவைத் தள்ளினால் அவருடைய பாயில் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

"யாருங்க நீங்க? வாடக குடுக்கறது நானு, படுத்துக்கினு இருக்கறது நீங்களா?"

குழாயடியில் தனபாக்கியம் குடத்தைக் கீழே வைத்தார். பிறகு அவர் தானாகவே உள்ளே வந்தார்.

"ஆமா சார், பொய்தான் சொன்னேன். இது தம்பியும் இல்ல, அது அக்கா பையனும் இல்ல. கழுத்துல காதுல இருந்ததெல்லாம் இந்தச் சொவுத்துக்குள்ள போயிடுச்சு. ஒரு போர்ஷன் வித்தா அது திரும்ப வராது. எழுதிக்குங்க, இன்னா எழுதணுமோ எழுதிக்குங்க."

வரி சார் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "மொத நாளே தெரியும்மா. கூடப் பொறந்த தம்பி, அக்கா வந்தா எழுந்தா நிப்பான்?" என்றார். அப்புறம் தன் கதையைச் சொன்னார். திருக்கோவிலூரில் அவருக்கும் ஒரு சின்ன வீடு. குடியிருப்பவர் காலி செய்யமாட்டேன் என்கிறார், கேஸ் நடக்கிறது. இவரோ விழுப்புரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்.

"வாடக வூடுன்னுதான் எழுதுவேன். அத மாத்த முடியாது. ஆனா உங்க மாட்டுக்கொட்டாயையும் வூடுன்னு சேத்து எழுதி வெச்சிருக்காங்க பழைய பேப்பர்ல. அதுக்கு ஒரு மனு குடுங்க." மூன்று வருஷச் சட்டம் என்று ஒன்று கிடையாது என்பதையும் சொன்னார். அவர் சொன்னதும் தனபாக்கியம் உடனே நம்பினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மனுவை நான்தான் டைப் அடித்தேன். மாட்டுக்கொட்டகை பட்டியலிலிருந்து போயிற்று. வரி ஏறத்தான் செய்தது, ஆனால் போர்ஷன் விற்கிற அளவுக்கு இல்லை. ரோடு திறந்ததும் வரி சார் கிளம்பினார். வாத்தியாரின் தேனில் பாதி அவரோடு போயிற்று. அடுத்த பதினோரு மாதம் முடிந்த அன்று தனபாக்கியம் என் கதவருகே வந்து தயங்கி நின்றார். "சட்டம் இல்லதான். எதுக்கும் இந்த ஒரு வாட்டி மாத்திக்குங்களேன்." மாற்றிக்கொண்டோம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரமானதும் நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. அவர்கள் விற்றுவிட்டார்கள். குழாயடி இருந்த இடத்தில் இன்று ஒரு செல்போன் கடையின் படிக்கட்டு ஏறுகிறது. தனபாக்கியம் இப்போது மகளோடு சென்னையில், ஏழாவது மாடியில், வாடகைக்கு இருக்கிறார். எப்போதாவது போன் செய்வார். சௌகரியமெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்குதுப்பா. வாடக போன்லயே போயிடுது. வூட்டுக்காரன் துபாயிலயாம், மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. சண்ட போடணும்னா கூட ஆளில்ல."