லிஃப்ட் மெக்கானிக்கின் நாலாவது தப்பு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மாடிக்கு ஏற்றி இறக்கிவிடுகிற மனுஷன், நாற்பத்தாறு வயதில் தானும் மேலே போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மூன்று சக்கரம், ஒரு சீட்டு, முதுகுக்குப் பின்னால் மோட்டாரும் பெரிய விசிறியும். மேலே தூக்கிப் பிடிக்கப் பாராசூட் மாதிரி ஒரு துணி இறக்கை, அதிலிருந்து வண்டிக்கு இறங்கும் மெல்லிய கயிறுகள். பாராமோட்டார் என்று பேர். நான் வைத்த பேர் சனியன்.

எந்த வேலை செய்தாலும் "மெதுவா, மெதுவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பறக்கிற கூட்டத்தில் அவர் பேரே மெதுவா என்று ஆகிவிட்டது. பேரைக் காப்பாற்றினாரா என்றால், அதுதான் இல்லை.

முதல் தப்பு ஸ்க்ரூ டிரைவர். சட்டைப் பையில் அது இல்லாவிட்டால் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி. வண்டி குலுங்கியதும் அது துள்ளிப் பின்னால் போய் விசிறியில் அடித்தது, விசிறி சுக்குநூறு. அன்று சாயங்காலமே அவருடைய எல்லாச் சட்டைப் பைகளையும் தைத்து மூடிவிட்டேன். இப்போது வேலைக்குப் போகும்போதும் பை இல்லை, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அலைகிறார். இரண்டாவது, பெட்ரோல் முள்ளை நம்பிப் போய் முட்டைக்கோஸ் தோட்டத்தில் இறங்கியது. தோட்டக்காரர் திட்டியது கொஞ்சம், நான் திட்டியது அதிகம். மூன்றாவது, காற்று முதுகில் அடிப்பது தெரியாமல் இறங்கி, நேரே குளத்துக்குள் உருண்டது. அதிலிருந்து தெருவில் நடக்கும்போதுகூட மொட்டைமாடிகளில் காயும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். மின்கம்பத்தில் முட்டிக்கொண்டதை நாலாவதாகக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பறந்து முடித்ததும் இவர், ஒரு பேக்கரிக்காரர் என்று கூட்டத்து ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். வாரத்தில் யாருக்கு என்ன கோளாறு நடந்ததோ, அவர் எழுந்து நின்று சொல்லவேண்டும். கூட்டத்துக்குத் தலைவி ஒரு பல் டாக்டரம்மா. அவர் போட்ட சட்டம் இது: காற்று, வண்டி, தலையெழுத்து மூன்றையும் குறை சொல்லக்கூடாது. "என் தப்பு" என்றுதான் ஆரம்பிக்கவேண்டும். சொல்லி முடிக்கிறவரை யாரும் சிரிக்கக்கூடாது. முடித்த பிறகு வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

நான் முதலில் அந்த மைதானத்துக்குப் போனது சண்டை போடத்தான். போன இடத்தில், இறக்கையைத் தரையில் விரித்துக் கயிறுகளைச் சிக்கெடுக்கிற வேலை என் கைக்கு வந்தது. அது எனக்குப் பிடித்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மானம் போய்விடும்.

நாலாவது தப்பு நடந்த அன்றும் நான்தான் விரித்தேன். வண்டி ஓடியது, இறக்கை எழுந்தது, பத்தடி உயரத்தில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பி, தொப்பென்று விழுந்து உருண்டது. நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. இடது தோளெலும்பு முறிவு. அந்தக் களேபரத்தில் என் செருப்பு ஒன்றைக் காணோம். வலியில் முனகிக்கொண்டே "நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்மா" என்றார்.

அடுத்த ஞாயிறு கையில் கட்டோடு எழுந்து நின்றார். "என் தப்பு. அவசரப்பட்டு முடுக்கிட்டேன்."

"மெதுவாவா அவசரப்பட்டாரு?" என்றார் டாக்டரம்மா. ஆனால் தப்பை ஒத்துக்கொண்ட ஆளை அதற்குமேல் என்ன கேட்பது? விட்டுவிட்டார்.

மூன்று வாரம் போயிருக்கும். குக்கர் கைப்பிடி ஆடுகிறதே என்று அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தேன். அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, என் செருப்பு. அதன் வாரில் இறக்கையின் மஞ்சள் கயிறு இறுக்கிச் சுற்றி, கத்தியால் அறுத்தது அறுத்தபடி இருந்தது.

இறக்கை காற்றில் சுருளாமல் இருக்க ஓரத்துக்கு ஒன்றாக என் செருப்புகளை வைப்பது என் வழக்கம். அன்று ஒன்றை எடுக்க மறந்திருக்கிறேன். அது கயிற்றில் மாட்டிக்கொண்டு மேலே போயிருக்கிறது. அவரைக் கீழே தள்ளியது நான்.

செருப்பை அவர் முன்னால் போட்டேன். "இதான் நாயா?"

குனிந்து செருப்பை எடுத்து, அறுந்த கயிற்றைத் தடவினார். பிறகு, "சொன்னா நீ அந்தப் பக்கமே வரமாட்டே. உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்குல்ல" என்றார்.

பாவி மனுஷன், அதையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "உங்க தப்பையெல்லாம் ஊருக்கே சொல்லிக் கத்துக்கிட்டீங்க. என் தப்பை மட்டும் ஏன் பெட்டியில ஒளிச்சீங்க? போன வாரம் பேக்கரிக்காரர் இறக்கையை விரிச்சேனே, அதுலயும் புதுச் செருப்பைத்தானே வச்சேன்?"

"ஓடி வந்து நான் எடுத்துட்டேன்ல."

"நீங்க அன்னிக்கு வராம இருந்திருந்தா?"

பேக்கரிக்காரருக்கு மூன்று பெண் குழந்தைகள். என் மேல் வைத்த பிரியத்தால் இன்னொருத்தர் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்று எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தின் நடுவில் நான் எழுந்து நின்றேன். "என் தப்பு" என்று ஆரம்பித்து, செருப்பை எல்லோருக்கும் காட்டி, பேக்கரிக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நான் உட்காருவதற்குள் இவர் எழுந்துவிட்டார். "இல்ல, என் தப்பு. வேற யார் விரிச்சாலும் நான் இறங்கிப் போய் ஒவ்வொரு கயிறாப் பார்ப்பேன். இவ விரிச்சா மட்டும் பார்க்கிறதே இல்ல. பார்த்தா இவ மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடுமோன்னு. அப்புறம் பொய் வேற சொன்னேன்."

டாக்டரம்மா டீ தம்ளரைக் கீழே வைத்தார். "கை சரியானதும் ஒரு மாசம் அவர் பறக்கக்கூடாது. அதுவரைக்கும் நீங்களும் கயிறைத் தொடக்கூடாது. ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து சண்டை போடுங்க" என்றார். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள், நாங்களும்.

தண்டனை முடிந்த ஞாயிறு, வீட்டிலிருந்து கொண்டுபோன மணல் பைகளை ஓரத்தில் வைத்து இறக்கையை விரித்தேன். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தேன். கயிறுகளை மூன்று தடவை பார்த்தேன். "ம், ஏறுங்க" என்றேன்.

அவர் ஏறவில்லை. என்னைத் தாண்டிப் போய், இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குனிந்து, ஒவ்வொரு கயிறாகத் தடவிப் பார்த்தார். பாதி தூரத்தில் நின்றுவிட்டார். கயிற்றில் சிக்கியிருந்த ஒரு சின்னக் குச்சியை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"கண்ணை எங்கடி வச்சுக்கிட்டு விரிச்சே?" என்று மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.