ரேடாருக்குத் தெரியாத விமானமும் சந்திப்பில் கட்டிய பேனரும்

எங்கள் வீட்டு முன்னால், என் கணவரின் பைக் மெக்கானிக் ஷெட்டை ஒட்டி ஒரு மரப்பெஞ்சு கிடக்கிறது. அதைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிடலாமா என்று எனக்குப் பலமுறை கோபம் வந்திருக்கிறது. எங்கள் ஊரான உறுவையாற்றில் நடவுக்கு ஆள் கிடைக்காத நாளிலும் அந்தப் பெஞ்சுக்கு ஆள் குறைந்ததில்லை. வண்டியை ரிப்பேருக்கு விட்டவர்கள் பாதி, வேலை வெட்டி இல்லாதவர்கள் மீதி. முன்பெல்லாம் கரும்பு விலை, கரண்டு, கட்சி என்று பேசுவார்கள். கொஞ்ச காலமாகப் பேச்சு போர் விமானத்தில் வந்து நின்றுவிட்டது. அதற்குக் காரணம் எங்கள் மகன்.

அவன் விமானப்படையில் டெக்னீஷியன். விமானம் ஓட்டுகிறவன் இல்லை. ஓட்டுகிறவர் ஏறுவதற்கு முன்னால் அதன் அடியில் நுழைந்து நட்டும் போல்ட்டும் பார்க்கிறவன். அப்பா மொபெட்டுக்குச் செய்வதைப் பிள்ளை விமானத்துக்குச் செய்கிறான், அவ்வளவுதான் என்று நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் கேட்பவர்களிடம் சொல்லுவேன். லீவில் வந்துவிட்டுக் கிளம்பும்போது எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டான். அவனுக்காகக் குழம்புப்பொடியை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன்.

“எங்க இருக்கான்னு யாரு கேட்டாலும் ‘வடக்க’ன்னு மட்டும் சொல்லும்மா. ஊர் பேரு வேணாம். நான் அனுப்பற போட்டோவும் வெளிய போவக் கூடாது. அப்பா, உனக்குந்தான் சொல்றேன். என் வேலைக்கே வேட்டு வந்துடும்.”

இருவரும் தலையாட்டினோம். என் தலையை நான் நம்பினேன். அவர் தலையையும் நம்பினேன்.

பெஞ்சில் சண்டைக்கோழிகள் இரண்டு பேர். ஒருவர் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஸ்டாப்பிங் பெயரைக் கூவிக் கூவி வளர்ந்த குரல், அடுத்த தெருவரை கேட்கும். இன்னொருவர் வில்லியனூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாய். ஷெட்டுக்குச் சாமான் கொடுக்க வருவார், வந்தால் லேசில் போகமாட்டார்.

“பாய், நீ இன்னா சொன்னாலும் சரி, இனிமே ஸ்டெல்த்து ப்ளைட்டுதான். ரேடாருக்கே தெரியாது. எதிரி சோறு துன்னுக்கினு இருப்பான், இவன் தலைக்கு மேல போயி போட்டுட்டு வந்துடுவான். மொதல்ல பாக்கறவன்தான்யா மொதல்ல அடிப்பான்” என்பார் கண்டக்டர்.

“சுத்தமாத் தெரியாதுன்னு யாரு சொன்னது? சின்னதாத் தெரியும், குருவி மாதிரி. அந்தக் குருவியயும் மோப்பம் புடிக்கற ரேடாரு வந்துக்கினு இருக்குது. அப்புறம் அந்த மேல்பூச்சு. ஒரு கீறல் வுழுந்தா அவ்ளோதான். கொஞ்ச நேரம் பறந்துட்டு வந்து நாளெல்லாம் ஷெட்ல நிக்கும். குண்டெல்லாம் வயித்துக்குள்ளயே ஒளிச்சி வைக்கணும், அதுல எத்தினி புடிக்கும்? ஒண்ணு வாங்கற காசுல சாதா ப்ளைட்டு நாலு வாங்கிடலாம்பா.”

“நாலு போயி ரெண்டு திரும்பி வர்றதுக்கா?”

குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் திரும்பினேன். என்னைப் பார்த்ததும் கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். என் கணவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பட்டிமன்ற நடுவர் கணக்காகத் தொண்டையைச் செருமினார்.

“இரும்பு போனா இரும்பு வாங்கிக்கலாம். போன ஆளு வூடு திரும்பணும். என் தீர்ப்பு ஸ்டெல்த்துக்குத்தான்.”

“தீர்ப்பெல்லாம் சரி” என்றார் பாய். “எவ்ளோ பூச்சு பூசினாலும், அது தன் ரேடாரப் போட்டாலோ, ரேடியோவுல பேசினாலோ மாட்டிக்கும். வாயத் தொறக்காத வரைக்குந்தான் அதுக்கு மரியாதை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் குடத்தைத் தூக்கினேன்.

பிறகு எல்லையில் பதற்றம் வந்தது. டிவியில் கோட்டு போட்டவர்கள் எல்லாம் கத்தினார்கள். மகனின் போன் அணைந்துபோனது. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே அவன் எண்ணைப் போடுவேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் அமைதியாகச் சொல்லுவாள். அவளைப் பிடித்து நான்கு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கும். பெஞ்சில் அப்போது யாரும் சத்தமாகப் பேசவில்லை. கண்டக்டருக்கே குரல் இறங்கிவிட்டது. பாய் என்னிடம் தனியாக வந்து, “தொழுகையில கேட்டுக்கினுதான் இருக்கேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மகராசனாக இருக்கட்டும்.

ஒரு நாள் போன் வந்தது. “நல்லா இருக்கேம்மா. சாப்ட்டேன். வச்சிடறேன்.” அவ்வளவுதான். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். என் கணவர் பெஞ்சுக்கு ஓடிப்போய்ச் சொன்னார். அங்கே விசிலடித்தார்கள்.

விசிலோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் சந்தோஷம் என்றால் பேனர் வைத்தாக வேண்டும். காதுகுத்துக்கும் பேனர், கருமாதிக்கும் பேனர். பேனர் இல்லாவிட்டால் அந்தக் காரியம் நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

பாண்டியில் ஒரு மீட்டிங் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வில்லியனூர் சந்திப்பில் வண்டி திரும்பியது. ஜன்னலில் என் பிள்ளை முகம் தெரிந்தது. பஸ் உயரத்துக்கு முகம். எனக்கு மட்டும் என்று அவன் அனுப்பிய படம், என் போனிலிருந்து எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள்; யூனிபாரத்தோடு நிற்கிறான், பின்னால் விமானத்தின் வாலில் எழுதியிருக்கும் எண் பளிச்சென்று தெரிகிறது. கீழே கொட்டை எழுத்தில் “எல்லை காக்கும் எங்கள் சிங்கம்”, அதற்கும் கீழே அவன் இருக்கும் ஊரின் பெயர். மேலே கறுப்பாக ஒரு ஸ்டெல்த் விமானம். இரண்டு பக்கமும் வட்டத்துக்குள் பெஞ்சுக்காரர்களின் தலைகள். என் கணவர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நான்கைந்து பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாய் கடையிலிருந்து ஓடிவந்தார்.

“என்னைக் கேக்காமலே என் மூஞ்சியயும் போட்டுட்டானுங்க டீச்சர். இன்னொண்ணு, அந்த ப்ளைட்டு நம்ம நாட்டுதே இல்ல.”

“கத்தி இருந்தா குடுங்க பாய்” என்றேன். கடைக்குள் போய் எடுத்துவந்து கொடுத்தார்.

கண்டக்டரும் என் கணவரும் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு தங்கள் வேலையை ரசித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வந்தார்கள்.

“எப்படிகீது?” என்றார் கணவர்.

“இன்னாயா பண்ணி வச்சிருக்க?”

“ஊரே பெருமைப்படுது. பெத்த அப்பன் நான் ஒரு பேனர் வைக்கக் கூடாதா? இத்தினி நாளு பயந்துக்கினு கெடந்தோமே, அதுக்கு ஒரு…” அவருக்குக் குரல் உடைந்தது.

“நீ பயந்தது எனக்குத் தெரியும். ஆனா அவன் நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான கேட்டான்? சோறு கேக்கல, துணி கேக்கல. வாய மூடிக்கினு இருங்கன்னு கேட்டான். அது முடியலியா உன்னால?”

நடுரோட்டில் புருஷனை அப்படிக் கேட்டது சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சரிதான். அவர் கீழே பார்த்தார். கண்டக்டர் என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, அந்த வயதில், சவுக்குக் கம்பத்தில் ஏறிக் கயிற்றை அறுத்தார். என் மகன் முகம் மடிந்து மடிந்து கீழே வந்தது. ஆனால் படம் எடுத்தவர்களின் செல்போனை எந்தக் கத்தியால் அறுப்பது? எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அடுத்த வாரம் அவன் பேசினான். ஷெட்டில் ஸ்பீக்கரில் போட்டேன். என் கணவர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரும்மா அந்தப் போட்டோவக் குடுத்தது?”

“நான்தான்டா. தெரியாமக் குடுத்துட்டேன்.”

“நீ குடுத்திருக்க மாட்டம்மா. அப்பாவ ஒண்ணும் சொல்லாத.” பிறகு சொன்னான்: “பேனர் படம் ஆபீசர் வரைக்கும் போயிடுச்சி. கூப்புட்டு விசாரிச்சாங்க. வேல இருக்குது, பயப்படாத. ஒரு கோர்ஸுக்கு என் பேரு போயிருந்திச்சி. அது இல்லன்னுட்டாங்க.”

“இன்னா கோர்ஸுடா?”

“அது வேணாம்மா. சாப்ட்டியா நீ?”

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் கணவர் அதை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு தட்டில் கை வைத்தவர் எழுந்து போய்விட்டார். ஒரு பிள்ளையின் ஆசை இப்படித் தந்தை கையாலேயே போகுமா? அவரைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் விட்டுவிட்டு, அவர் தட்டை மூடி வைத்தேன்.

பெஞ்சு இன்னும் இருக்கிறது. ஸ்டெல்த் நல்லதா, சாதா விமானம் நல்லதா என்ற வழக்கும் முடியவில்லை. ஒருமுறை கண்டக்டர், “ஒருவேளை அந்தக் கோர்ஸே இந்த ஸ்டெல்த்துக்குத்தானோ” என்று ஆரம்பித்தார். பாய் அவர் தொடையில் கை வைத்ததும் நிறுத்திக்கொண்டார். பேனர் துணி இப்போது ஷெட்டின் ஓட்டைக் கூரை மேல் கிடக்கிறது. எழுத்தும் முகமும் தெரியாதபடி திருப்பிப் போட்டு, செங்கல் வைத்தது என் கணவர்தான்.

போன மழையில் வண்டியோடு ஒதுங்கிய வெளியூர்க்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். “ஏர்போர்ஸ்ல உங்க பையன் இருக்காராமே. எங்க இருக்காரு?”

பெஞ்சில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். என் கணவர் செயினை முறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

“வடக்க.”