மவுஸ் மக்கர் செய்த ஞாயிற்றுக்கிழமை

ஒத்தக்கடையில் நாங்கள் குடியேறிய புதிதில், என் கணவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆசையாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டார். எங்கள் மகள் பிறந்தது முதல் எடுத்த போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையில் அம்பு அசையவில்லை. புதிதாக வாங்கிய யுஎஸ்பி மவுஸ் அது. மவுஸை இயக்கும் மென்பொருளைச் சொல்லி, "டிரைவர் கோளாறு" என்றவர், கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு ஏதேதோ கட்டளைகளைத் தட்டினார். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில், "எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போட்டாத்தான் சரியாகும்" என்று லினக்ஸ் சிடியை உள்ளே தள்ளினார்.

நான் பதறிப்போய்க் கேட்டேன். "என்னங்க, பாப்பா போட்டோவெல்லாம் அதுலதான இருக்கு?"

அவர் கை அப்படியே நின்றது. எரிச்சலில் அதை மறந்தே போயிருந்தார். முகம் வெளிறி உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் மவுஸைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

"இதுக்குக் கரண்டே வரலை போலருக்கே. வேற இடத்துல சொருகிப் பாருங்க."

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் சொருகினார். விளக்கு எரிந்தது, அம்பும் ஓடியது. முன்பக்க இணைப்புதான் தளர்ந்திருந்தது.

"இம்புட்டு நேரமா டிரைவரைத் திட்டிக்கிட்டு இருந்தேனே செல்வி" என்று சிரித்தார்.

இப்போதெல்லாம் எது மக்கர் செய்தாலும் முதலில் வயரையும் விளக்கையும்தான் பார்க்கிறோம். புதுப் போட்டோக்களை உடனே சிடியில் ஏற்றி, என் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துவிடுகிறேன். அங்கே கைவைக்க அவருக்கு அனுமதி இல்லை.