கருவாட்டைப் போட்டு மூடிய டப்பா

அப்போது எனக்கு இரண்டாவது மாதம். போன முறை மாமியார் ஊரெல்லாம் சொல்லி, கரு கலைந்ததும் அதே ஊர் துக்கம் விசாரிக்க வந்தது. அதனால் இந்த முறை கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

என் தொழில் பிளாஸ்டிக் டப்பா விற்பது. யாராவது ஒருவர் வீட்டில் பெண்களைக் கூட்டி, டப்பாவில் கருவாட்டைப் போட்டு மூடி, "வாடை வருதா பாருங்க" என்று ஒவ்வொருவர் மூக்கருகிலும் நீட்டுவேன். அதைப் பார்த்தால்தான் வாங்குவார்கள்.

அன்று ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றான செல்வி அக்கா வீட்டில் கூட்டம். கொழுந்து பறித்துவிட்டு வந்த பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த லயத்தில்தான் மாமியாரின் தங்கை வீடு.

மூச்சை அடக்கிக்கொண்டு கருவாட்டுப் பையைப் பிரித்தேன். முடியவில்லை. பெரிய டப்பா ஒன்றை இழுத்து அதிலேயே வாந்தியெடுத்து, பதறிப்போய் மூடியை அழுத்தினேன்.

வியாபாரமும் போச்சு, இரகசியமும் போச்சு என்று நினைத்தேன்.

செல்வி அக்கா டப்பாவை எடுத்து, மூடியைச் சுற்றி முகர்ந்தார். "அடியே, ஒரு வாடையும் வரலயே! எனக்கு ரெண்டு எழுதிக்க தங்கச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ வந்தது. எத்தனை மாதம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு வீட்டில் தும்மினால் மறுவீட்டில் கேட்கும் லயம் அது. ஒரு மாதம் பயந்துகொண்டே இருந்தேன். மூன்று மாதம் முடிந்து நானே போய்ச் சொன்னபோது, சின்ன மாமியார், "எங்களுக்குத் தெரியவே தெரியாதே!" என்றார். பக்கத்தில் நின்ற செல்வி அக்காவும் வாயில் கைவைத்து, "அப்படியா!" என்றார்.